அலுவலகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

சிறிய அலுவலகங்களில் தொட்டிச் செடிகள் பட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீர் கிடைக்காமல் அன்று, தண்ணீர் மிஞ்சிப்போய்த்தான். வீட்டில் இருக்கும் செடிக்கு யாரோ ஒருவர் பொறுப்பு. அலுவலகச் செடிக்கோ வருகிற போகிற எல்லோருமே பொறுப்பு. காலையில் பெருக்கித் துடைக்க வருகிற அம்மா தம் கணக்குக்கு ஒரு குவளை ஊற்றுவார். பதினொரு மணிவாக்கில் பாட்டிலில் இருக்கும் நேற்றைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிக்கப் போகிறவர் அதைத் தொட்டியில் கவிழ்ப்பார். சாயங்காலம் டீ டம்ளரின் அடியில் மிஞ்சியதைக் கொட்ட வாஷ்பேசின் வரை நடக்கச் சோம்பல்படுகிறவருக்கும் அந்தத் தொட்டிதான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒருவர் ஊற்றியது மற்றவருக்குத் தெரியாது. எல்லோரும் ஊற்றியது செடிக்கு மட்டுமே தெரியும்.

எங்களுடையது சென்னையில், முதல் மாடியில், இரண்டே அறைகள் கொண்ட வரி ஆலோசகர் அலுவலகம். முன்னறைக்கு வடக்கே ஒரு ஜன்னல், உள்ளறைக்கு மேற்கே ஒரு ஜன்னல். மற்றபடி டியூப்லைட்டும் கோப்பு அடுக்கிய அலமாரிகளும்தான். இந்த இடத்தில் சில ஆண்டுகளாக ஏழெட்டுச் செடிகள் வளர்கின்றன என்பதால், இப்படிப்பட்ட அலுவலகம் வைத்திருக்கும் நண்பர்கள் அவ்வப்போது கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

எல்லோரும் முதலில் கேட்பது வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, செடி இருக்கும் இடத்தில் வெளிச்சம் எவ்வளவு என்பது. இதில் நம் கண்ணை நம்ப முடியாது; இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பத் தன்னை உடனே மாற்றிக்கொள்ளும் உறுப்பு அது என்பதால், டியூப்லைட் எரிகிற அறை நமக்குப் பளிச்சென்று தெரியும். ஆனால் அளந்து பார்த்தால் நல்ல வெளிச்சமுள்ள அலுவலக மேசையின் மேல் 300 முதல் 500 லக்ஸ் வரைதான் இருக்கும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). உச்சிவெயிலோ ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். நர்சரியில் பச்சை நிழல்வலைக்குக் கீழே, முக்கால் பங்கு வெயிலைத் தடுத்த பிறகும்கூட, நண்பகலில் இருபதாயிரம் லக்ஸுக்குக் குறையாது. அந்த நிழலில் வளர்ந்த செடியைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும்போது, அது இதுவரை கண்ட நிழலில் ஐம்பதில் ஒரு பங்கு வெளிச்சத்தில் அதைக் குடியேற்றுகிறோம். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை துல்லியமானவை அல்ல என்றாலும், ஜன்னலோரத்துக்கும் அதிலிருந்து ஐந்தடி தள்ளியிருக்கும் அலமாரிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட அவை போதும். அந்த வேறுபாடு நினைப்பதைவிடப் பெரியது.

வெளிச்சத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், செடி தண்ணீர் குடிக்கும் வேகத்தை அதுவே தீர்மானிக்கிறது என்பதுதான். வெளிச்சம் இருந்தால் இலைத்துளைகள் திறக்கும், ஒளிச்சேர்க்கை நடக்கும், இலை வழியே நீர் ஆவியாகி வெளியேறும், அதை ஈடுசெய்ய வேர் மண்ணிலிருந்து நீரை இழுக்கும். வெளிச்சம் குறைந்தால் இந்த ஓட்டம் முழுவதும் மந்தமாகி, ஊற்றிய தண்ணீர் தொட்டியிலேயே தங்கிவிடும். மண்ணின் இண்டு இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் அடைத்துக்கொண்டால், வேருக்குப் பிராணவாயு கிடைக்காது. வேர் சாகத் தொடங்கும், அழுகல் பூஞ்சைகள் சேரும். வேர் செத்த பிறகு, தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் செடியால் அதை உறிஞ்ச முடியாது என்பதால் இலை வாடித் தொங்கும். அதைப் பார்க்கிறவர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றுவார். அலுவலகச் செடிகளின் மரணத்தில் பெரும்பகுதி இந்த ஒரு குவளையில்தான் நடக்கிறது.

ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தெற்கு ஜன்னல் வெயில் மிகுந்தது, வடக்கு ஜன்னல் இருண்டது என்று இணையத்தில் திரும்பத் திரும்ப எழுதப்படுவது, நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானத்திலேயே நிற்கும் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பொருந்துகிற கணக்கு. சென்னை 13 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, அதாவது சித்திரையில் தொடங்கி ஆடி முடியும் வரை, இங்கே நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்குக் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் நேராகவே வரும். தெற்கு ஜன்னல் நிழலில் இருக்கும். மார்கழியிலும் தையிலும் நிலைமை தலைகீழாகி, தெற்கு ஜன்னலில் விழும் வெயில் அறையின் நடுப்பகுதி வரை நீளும். மேற்கு ஜன்னல் வருடம் முழுவதும் மூன்று மணிக்கு மேல் கொதிக்கும். ஆகவே, ஒரே ஜன்னலில் ஒரே செடிக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவு தண்ணீர் என்பது நம் ஊரில் நடக்காத காரியம். குளிர்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள் என்ற அறிவுரையையும் இப்படித்தான் மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்: நாம் குறைக்க வேண்டியது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், வானம் மூடிக்கிடந்து காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் வாரங்களில்.

மண்ணின் ஈரத்தை அறிய நாங்கள் பயன்படுத்துவது விளக்குமாற்றிலிருந்து உருவிய ஓர் ஈர்க்குச்சி. அதைத் தொட்டியின் ஓரமாக, அடிவரை போகும்படி செருகிச் சற்று நேரம் விட்டு உருவினால், ஈரமிருக்கும் ஆழம் வரை குச்சி கறுத்திருக்கும், மண்துகள் ஒட்டியிருக்கும். மேல்மண் காய்ந்து வெளுத்திருந்தாலும் அடிப்பாதி ஈரமாக இருப்பதை இது காட்டிக்கொடுத்துவிடும். சுத்தமாகக் காய்ந்த தொட்டியையும் நனைந்த தொட்டியையும் ஓரிரு முறை தூக்கிப் பார்த்தவருக்குக் குச்சியும் தேவைப்படாது, கனமே சொல்லிவிடும். ஊற்றுவதென்று முடிவு செய்தால், அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளிவரும் வரை நன்றாக ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். தினமும் அரை டம்ளர் தெளிப்பது இரண்டுங்கெட்டான் வேலை: மேல்மண் எப்போதும் நசநசவென்று இருக்கும், அடிவேருக்கு எதுவும் போய்ச் சேராது.

துளையே இல்லாத பீங்கான் தொட்டிகள் தீபாவளி அன்பளிப்பாக வந்து சேருகின்றன. அவற்றை வெளித்தொட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, செடியைத் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு உள்ளே இறக்கிவைப்பதுதான் வழி. அடியில் ஓட்டாஞ்சில்லும் கூழாங்கல்லும் போட்டுவிட்டால் நீர் வடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நுண்ணிய மண்ணிலிருந்து பருமனான கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது. மண் முழுவதும் நீர் கோத்த பிறகே அது கீழே சொட்டத் தொடங்கும். கல்லடுக்கு செய்வது, நீர் கோத்து நிற்கும் அந்த மண்ணை வேருக்கு இன்னும் அருகே உயர்த்திவைப்பதைத்தான். மண் கொட்டிப்போகாமல் இருக்கத் துளையின் மேல் ஒரே ஓர் ஓட்டுத்துண்டு போதும்.

நர்சரியிலிருந்து வரும் செடிகளில் பெரும்பாலானவை கோகோபீட் எனப்படும் தென்னை நார்க்கழிவிலோ, கட்டிச் செம்மண்ணிலோ இருக்கும். இரண்டுமே அலுவலகத்துக்கு ஏற்றவை அல்ல. கோகோபீட் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். திறந்தவெளியில் வெயிலும் காற்றும் உலர்த்திவிடுவதால் நர்சரிக்காரருக்கு அது வசதி, மூடிய அறையில் அதுவே வினை. மறுபக்கம், அது ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டியின் சுவரைவிட்டு விலகிவிடும். அதன்பின் ஊற்றும் தண்ணீர் இடைவெளி வழியாக நேரே தட்டுக்கு ஓடிவிட, நடுவிலிருக்கும் வேர்ப்பந்து காய்ந்தபடியே கிடக்கும். அப்போது தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்காரவைத்தால்தான் மறுபடி நனையும். வாங்கிவந்த செடியை இரண்டு வாரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, பருமணலோ பெர்லைட் எனும் எடை குறைந்த வெள்ளைத் துகளோ ஒரு பங்கு, கைப்பிடி மண்புழு உரம் என்ற கலவைக்கு மாற்றுவது என் வழக்கம். மாற்றும்போது வேரைப் பார்த்துவிடலாம். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, சாக்கடை வாடை அடிக்கும். இரு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல் வழுக்கிக் கழன்று வர, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். அந்த வேர்களை நறுக்கி எறிந்துவிட வேண்டும். அவற்றைக் காப்பாற்ற முடியாது.

இனி எந்தச் செடி என்ற கேள்வி. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, எண்ணெய் தடவியது போன்ற இலைகளையுடைய ஜீ ஜீ பிளான்ட் மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளில் தண்ணீரைச் சேமித்துவைத்துக்கொள்கிறது. ஸ்நேக் பிளான்ட் நம் ஊர்க் காடுமேடுகளில் வளர்ந்து நார் தரும் மருளுக்கு நெருங்கிய உறவு; வறண்ட இடத்துச் செடிகளில் சிலவற்றைப் போல அது இலைத்துளைகளை இரவில் மட்டுமே திறப்பதால் மிகக் குறைவாகவே நீரை இழக்கிறது. இவ்விரண்டுக்கும் எங்கள் முன்னறையில் மாதம் இரண்டு முறை தண்ணீர் போதும், மழைக்காலத்தில் ஒருமுறையே தாராளம். மணிபிளான்ட் இன்னும் கொஞ்சம் கேட்கும். அக்லோனிமாவில் பச்சையும் சாம்பலும் கலந்த வகையை வாங்கலாம். சிவப்பு இலை வகைக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் நிறம் மங்கிப்போகும். பீஸ் லில்லி தண்ணீர் குறைந்தவுடன் ஆர்ப்பாட்டமாகத் துவண்டு விழும், ஊற்றிய சில மணி நேரத்தில் ஒன்றுமே நடவாதது போல் நிமிரும். ஜி.எஸ்.டி. படிவங்களுக்குக் கடைசி நாளான 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் நெருங்கும்போது இந்த அலுவலகத்தில் செடியை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆகவே பீஸ் லில்லியை எல்லோர் கண்ணிலும் படும்படி வரவேற்பு மேசையில் வைத்திருக்கிறோம். அது துவண்டால் மற்ற தொட்டிகளிலும் குச்சியைச் செருகிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். மணிபிளான்ட், அக்லோனிமா, பீஸ் லில்லி மூன்றின் சாற்றிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும் என்பதால், வாடிக்கையாளர்கள் குழந்தைகளோடு வரும் இடத்தில் கைக்கெட்டாத உயரத்தில் வைப்பது நல்லது.

வாங்கக் கூடாதவை என்று நான் சொல்பவை குரோட்டன், சாமந்தி, ரோஜா, துளசி. மங்களகரம் என்று துளசியைக் கொண்டுவந்து சாமி படத்தின் கீழே வைப்பவர்கள் உண்டு. அதற்கு நேர்வெயில் வேண்டும். டியூப்லைட்டில் அது மெலிந்து, நீண்டு, ஒரு மாதத்துக்குள் குச்சியாகிவிடும். லக்கி பாம்பூ மூங்கிலே அல்ல, டிரசீனா இனத்துச் செடி. அதைத் தவறாமல் தண்ணீர் மாற்றுகிறவர் வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் மாற்றுவது என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணிபிளான்ட் வளர்ப்பதில் மண் இல்லை, குப்பை இல்லை, அழுகலும் குறைவு, மேசைக்கு அழகு. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவது இப்படித் தேங்கி நிற்கும் தெளிந்த நீரைத்தான். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டுவதோடு, பாட்டிலின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும், ஏனெனில் முட்டைகள் நீர்மட்டத்துக்கு சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. தொட்டித் தட்டுக்கும் இதே விதி. மழைக்காலத்தில் மாநகராட்சிப் பணியாளர்கள் வந்து தட்டையும் பாட்டிலையும் டார்ச் அடித்துப் பார்ப்பதில் தவறே இல்லை.

ஊற்றும் தண்ணீரின் தரத்தையும் கவனிக்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவதைச் சிக்கனம் என்று நினைக்கிறோம். குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. தோட்டத்து மண்ணில் மழை அதை அடித்துக்கொண்டு போகும். அறைக்குள் இருக்கும் தொட்டியில் அது சேர்ந்துகொண்டே போய், மண்ணின் மேல் வெள்ளைப் பூச்சாகவும் இலைநுனியில் பழுப்புக் கருகலாகவும் வெளிப்படும். அதற்கு நேர்மாறானது ஏ.சி. இயந்திரத்தின் வெளிக்குழாயில் சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து திரண்ட நீர் என்பதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை; கோடையில் நாளொன்றுக்குப் பல லிட்டர் கிடைக்கிறது. குழாயின் கீழே மூடியில் துளையிட்ட ஒரு கேனை வைத்துப் பிடித்துக்கொள்கிறோம். ஏ.சி.யின் தண்ணீர் நல்லது, காற்று நல்லதன்று: நேராக வீசும் இடத்தில் இலையோரங்கள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும், சிலந்திப்பேனும் சேரும். ஞாயிற்றுக்கிழமை பூட்டிய அறையில் வெப்பம் ஏறிவிடுவதால், மே மாதத்தில் சனிக்கிழமை கிளம்பும்போது மேற்கு ஜன்னலோரச் செடிகளை அறையின் நடுவுக்கு நகர்த்திவிடுவது வழக்கமாகிவிட்டது.

பூச்சிகளில் அதிகம் எரிச்சலூட்டுவது, கணினித் திரையின் முன்னால் பறக்கும் பொடிக் கறுப்பு ஈக்கள். அவற்றின் புழுக்கள் ஈரமான மேல்மண்ணில் வாழ்கின்றன. மேல் இரண்டு அங்குலம் காயும்படி தண்ணீரை நிறுத்தி, மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டை ஒன்றைச் செருகிவைத்தால் மூன்று நான்கு வாரங்களில் அடங்கிவிடும். டீ கொட்டப்படும் தொட்டியில் மட்டும் அடங்காது. பாலும் சர்க்கரையும் பூஞ்சைக்கும் எறும்புக்கும் விருந்து. மாவுப்பூச்சியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தெடுக்கலாம். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம், ஆனால் தயவுசெய்து செடியை மாடிப்படிக்கு எடுத்துப்போய், சனிக்கிழமை மாலையில் தெளியுங்கள். ஏ.சி. அறையில் வேப்பெண்ணெய் வாடையோடு ஒரு முழு வேலைநாளைக் கழித்தவர்கள் அடுத்த முறை செடியின் பக்கம் பேச மாட்டார்கள்.

யார் ஊற்றுவது என்ற தலைப்புக் கேள்விக்கு எங்கள் அலுவலகம் கண்ட தீர்வு எளியது. ஒருவர் மட்டும். பெருக்கித் துடைக்க வரும் அம்மாவையே அதற்குக் கேட்டுக்கொண்டோம், ஏனெனில் எல்லோருக்கும் முன்னால் வருபவரும், வேலையை ஒருநாளும் தள்ளிப்போடாதவரும் அவர்தான். “தெனமும் ஊத்தலன்னா அதுங்க வாடிப் போயிடாதா சார்? வாயில்லா ஜீவனாச்சே” என்று அவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஈர்க்குச்சியைச் செருகி உருவி, காய்ந்ததுபோல் தெரிந்த தொட்டியின் அடி கறுத்திருப்பதைக் காட்டிய பிறகுதான் நம்பினார். இப்போது டீயோடு தொட்டியை நெருங்குகிறவர்களை விரட்டுவதும் அவரே, என்னையும் சேர்த்துத்தான். தொட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் “தண்ணீர் ஊற்ற வேண்டாம்” என்ற சீட்டைவிட அவருடைய குரலுக்கு மதிப்பு அதிகம்.

செடி வைத்தால் அறையின் காற்று சுத்தமாகும் என்று நர்சரியில் சொல்வார்கள். 1989-இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வுதான் இதற்கு மூலம். அது அடைத்து மூடிய சிறு பெட்டிகளுக்குள் செய்யப்பட்டது. அத்தகைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டு 2019-இல் வெளியான கட்டுரை, கட்டடங்களில் இயல்பாக நடக்கும் காற்றுப் பரிமாற்றத்துக்கு ஈடுகொடுக்கவே ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று காட்டியது. எங்கள் அறையில் அவ்வளவு செடி வைத்தால் கோப்புகளும் நாங்களும் தெருவில்தான் நிற்க வேண்டும். நாள் முழுக்க எண்களைப் பார்க்கும் கண்ணுக்குப் பச்சையாக ஏதோ ஒன்று வேண்டும் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

ஜன்னலே இல்லாத மூலையில் வைத்தாக வேண்டுமென்றால் விளக்குதான் வழி. அதற்கென்று விற்கும் ஊதா நிற விளக்குகள் தேவையில்லை. 9 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்றைச் செடிக்கு ஓரடி உயரத்தில் தொங்கவிட்டால் ஏறத்தாழ 1,500 லக்ஸ் கிடைக்கும். டைமர் பிளக்கில் பொருத்திப் பத்து மணி நேரம் எரியவிட்டால் மாதத்துக்கு மூன்று யூனிட்டுக்குள் முடிந்துவிடும். விளக்கு வைத்த பிறகு செடி முன்பைவிட வேகமாகத் தண்ணீர் குடிக்கும் என்பதால், ஈர்க்குச்சியை வழக்கத்தைவிட அடிக்கடி செருகிப் பார்க்க வேண்டியிருக்கும். எங்கள் முன்னறை அலமாரிக்கு மேலே இருக்கும் அக்லோனிமா இப்படித்தான் வளர்கிறது. மேற்கு அறைக்கு விளக்கு தேவைப்படவில்லை. அங்கே வெயிலை மட்டுப்படுத்த மெல்லிய திரைச்சீலை ஒன்றுதான் வாங்க வேண்டியிருந்தது.